இரண்டாம் தடவை சொல்லாத உத்தரவு

தம்பிக்கு வேலையில் உயர்வு வந்தால் அக்காவுக்குச் சந்தோஷம்தான். அந்தத் தம்பி அக்காவுக்கே மேலதிகாரியாக வந்து நின்றால்? சந்தோஷப்பட்டுக்கொண்டே சல்யூட்டும் அடிக்க வேண்டியதுதான். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில் சுக்கான் பிடிக்கிற ஒருத்திக்கு அந்த நிலைமை வந்தது.

துறையில் எல்லாரும் அவளைச் சுக்கான்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு தட்டு இரும்புப் படகு. சந்தைத் துறைக்கும் அக்கரை ஆலைத் துறைக்கும் நாளெல்லாம் போய் வரும். அவள் தம்பி அதே படகில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன். இருக்கிற நேரத்தில் படித்து, பரீட்சை எழுதி, கேப்டனாகிவிட்டான். முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுக்கான் அறை வாசலில் வந்து தயங்கி நின்றான்.

"அக்கா, இங்க உன்னை என்னன்னு கூப்பிடறது?"

"கூப்பிடவே வேணாம். உத்தரவு மட்டும் போடுங்க. கரையில நான் அக்கா. தண்ணியில நீங்க கேப்டன்."

அக்கா வாயிலிருந்து வந்த அந்த 'நீங்க'வைக் கேட்டு அவனுக்குக் காது மடல் சிவந்துபோனது. இன்ஜின்காரர் கீழேயிருந்து தலையை நீட்டி, "பாத்துப்பா, வீட்டுக்குப் போனதும் வட்டியும் முதலுமா 'டா' போட்டுத் தீத்துடுவா" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். படகு கிளம்பியது.

படகில் உத்தரவுக்கு ஒரு முறை உண்டு. கேப்டன் சொல்வார். சுக்கான் பிடிப்பவர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார். அதற்கப்புறம்தான் சுக்கானைத் திருப்பும் சக்கரம் அசையும். "இடம் பத்து" என்றால் "இடம் பத்து", அதாவது இடப்பக்கம் பத்து டிகிரி. "நேரே" என்றால் "நேரே." மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு இதைக் கேட்டால் ஒரே சிரிப்பு. பெரியவர்கள் இருவர் கிளிப்பிள்ளை விளையாட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் இன்ஜின் சத்தத்தில் காது ஏமாற்றிவிடும், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

இது விதிப் புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தில் இல்லாத வழக்கம் ஒன்றும் அந்தப் படகில் இருந்தது. சுக்கான் பிடிப்பவர் நிற்பது இடப்பக்க ஜன்னலை ஒட்டி. கேப்டன் நிற்பது வலப்பக்கம். ஒருவர் கண்ணில் படுவது மற்றவர் கண்ணில் படாது. வந்த உத்தரவில் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றினால், சுக்கான் பிடிப்பவர் உடனே திருப்பிச் சொல்லமாட்டார். ஒரு மூச்சு விடும் நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பார். 'இன்னொரு தடவை பாருங்கள்' என்று அதற்கு அர்த்தம். கேப்டன் பார்ப்பார். பார்த்துவிட்டு அதே உத்தரவை இரண்டாம் தடவை சொன்னால் மறுபேச்சு கிடையாது. மாற்றிச் சொன்னால் மாற்றியதைச் செய்ய வேண்டியது. பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது, யார் முகமும் சுருங்காது. எத்தனையோ கேப்டன்கள் வந்து போன படகு அது. எல்லாரும் இந்த மௌனத்துக்கு மரியாதை கொடுத்தவர்கள்தான். தம்பியும் கயிறு கட்டிய காலத்தில் இதைப் பார்த்தே வளர்ந்தவன்.

அப்புறம் எப்படி அந்த விபத்து நடந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு கட்டிலால் நடந்தது.

அவர்கள் வீடு டயர்க்கடை மாடியில். அம்மா, அக்கா, தம்பி, மூன்று பேர். தெருப்பக்கத்து அறை ஜன்னலோரம் சுக்கான்காரியின் கட்டில். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கக்கூட வேண்டாம், கூரைகளுக்கு நடுவில் ஒரு கீற்று ஆறு தெரியும். அன்றைக்கு நீரோட்டம் எப்படி என்று படுத்தபடியே பார்த்துவிடுவாள். விபத்து நடந்த அன்று காலையில் அவள், இரவு சித்தி வீட்டில் தங்கிவிட்டு, வேலைக்கு உடை மாற்ற வீட்டுக்கு வந்தாள். ஜன்னலோரம் புது பீரோ நின்றது. கட்டிலைக் காணோம்.

"என்னடா இது?"

"பீரோக்கா. சட்டையெல்லாம் மாட்டி வைக்கணும்ல. வேற எங்க வச்சாலும் கதவு திறக்கல. உன் கட்டில உள் ரூம்ல போட்டாச்சு. அங்க நல்லா காத்து வருது."

"ஜன்னலே இல்லாத ரூம்ல எங்கேருந்துடா காத்து? சுவத்துலேருந்தா? யாரக் கேட்டுப் போட்ட?"

"எல்லாத்துக்கும் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்க முடியுமா?"

"ஓ. கேப்டன் வீட்டையும் ஓட்ட ஆரம்பிச்சாச்சா!"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க ரெண்டு பேரும்" என்று அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

சுக்கான்காரி டீயைத் தொடவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. வாய் ஓயாமல் பேசுகிறவள் கோபம் வந்தால் கப்பென்று அடங்கிவிடுவாள். அந்த மௌனத்துக்கு அந்த வீட்டில் பாத்திரங்கள்கூடப் பயப்படும். அம்மா ஓசைப்படாமல் தட்டுக் கழுவுவாள். அக்கா நான்கு அடி அடித்தால்கூடத் தேவலை என்று சின்ன வயதில் அழுதவன் தம்பி. அன்றும் அவள் முன்னால் விடுவிடுவென்று நடக்க, அவன் தேய்த்த சட்டையோடு பின்னால் போனான்.

ஆனால் துறைக்கு வந்து சக்கரத்தைத் தொட்டதும் அவள் கட்டிலைக் கரையிலேயே விட்டுவிட்டாள். வேலை அப்படி. ஆயிரம் கோபம் இருக்கட்டும், மேலே நூறு உயிர் உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து எல்லா உத்தரவையும் கணீரென்று திருப்பிச் சொன்னாள்.

மதியம் சந்தைத் துறையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். துறை வலப்பக்கம். நீரோட்டம் படகைத் துறைப்பக்கம் தள்ளியது. கேப்டன் கண் துறையின் முனையிலேயே இருந்தது. விலக வேண்டும் என்று கணக்குப் போட்டான். சரியான கணக்குத்தான்.

"இடம் பத்து."

இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே, படகின் மூக்கை ஒட்டி, ஒரு சின்னத் துடுப்புப் படகு. மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்குகிற மனிதர், முதுகைக் காட்டிக் குனிந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் திரும்பினால் அவர்மேல் ஏறிவிடும்.

சுக்கான்காரி வாயை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சு.

கேப்டன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அல்லது இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அவன் காதில் விழுந்தது படகு மௌனம் இல்லை, வீட்டு மௌனம். 'இங்கேயும் ஆரம்பிச்சுட்டாளா' என்று சுருக்கென்றது. பாய்ந்து வந்து சக்கரத்தைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தான். அவள் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே சக்கரத்தில். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், பலமும் ஒன்றுபோல. சக்கரம் அசையவே இல்லை. படகு நேரே போய்த் துறை முனையில் முட்டியது. துறை ஓரத்தில் கட்டியிருந்த டயர்கள் நசுங்கின, பலகை இரண்டு பிளந்தது. நின்றவர்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர் மடியில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு உதடு கிழிந்தது. பாட்டில் பொறுக்குகிறவர் இடப்பக்கத்திலிருந்து வெளியே வந்து, துடுப்பை ஆட்டி, இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் கேப்டன் அவரைப் பார்த்தான்.

மறுநாள் படகுக் கம்பெனி மாடியிலிருந்து ஒரு சொல் இறங்கி வந்தது. கீழ்ப்படியாமை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, வாய்க்குள் சர்க்கரை மிட்டாய் போட்டுக்கொண்டது மாதிரி நிதானமாகச் சொன்னார். "கீழே ஆள் இருந்தது உண்மைதான்மா. ஆனா கேப்டன் கைய எதிர்த்து நீ சக்கரத்தப் பிடிச்சதும் உண்மை. விசாரணை வருது. கீழ்ப்படியாமைன்னு முடிவானா உன் சுக்கான் லைசென்ஸ் போயிடும். அப்புறம் எந்தப் படகும் உன்னை ஏத்தாது."

"முடிவாகலைன்னா?"

"அப்போ தப்பு கேப்டன் மேல. உன் தம்பி பழையபடி கயிறு கட்டப் போகணும். ரெண்டு பேர்ல ஒருத்தர்."

கீழே இறங்கி வந்தவளைப் பார்த்து இன்ஜின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னவாம்?"

"கீழ்ப்படியாமையாம்."

"பூ, அதுவா! நமக்கெல்லாம் பழகின சரக்குதானே. என் பொண்டாட்டி கேட்டா திமிருன்னு சொல்லுவா. இன்ஜின் ரூம்ல கொழுப்பு. பள்ளிக்கூடத்துல அடங்காதது. ஆபீஸ் மாடி ஏறினா கீழ்ப்படியாமை. மாடிக்கு மாடி பேரு மாறுது, விழற அடி ஒண்ணுதான்."

அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நம்மள ஒரு வார்த்தை கேக்காம மேனேஜர் நம்ம ஞாயித்துக்கெழமை லீவ ரத்து பண்ணினாரே, அதுக்கு என்ன பேரு?"

"அதுக்குப் பேரு நிர்வாகம்."

வீட்டில் சிரிக்க முடியவில்லை. அம்மா உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே, நிமிராமல் பேச்சை எடுத்தாள். "நீ ஒத்துக்கிட்டா என்னடி? அவன் இப்பத்தான் மேல வந்திருக்கான். நீ பெரியவ. விட்டுக்கொடுக்கக் கூடாதா?"

பெரியவளாகப் பிறந்த பாவத்துக்கு அவள் விட்டுக்கொடுத்தது கொஞ்சமில்லை. மழைக்குக் குடை, தட்டில் கடைசித் துண்டு, படிக்க விளக்குக்குப் பக்கத்து இடம், இப்போது ஜன்னல். எதையும் அவள் மனதில் வைத்துக்கொண்டவள் இல்லை. அதனால் அம்மா கேட்டதில் அம்மாவுக்குத் தப்பே தெரியவில்லை. குடை கேட்டது மாதிரிதான் கேட்டாள்.

"அம்மா, பொருள்னா கொடுத்துடுவேன். ஜன்னலைக்கூட விட்டிருப்பேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தா. ஆனா செய்யாத ஒண்ணைச் செஞ்சேன்னு சொல்றது விட்டுக்கொடுக்கறதா? அது பொய்ம்மா. நாளைக்கு அந்தப் பொய்யோட நான் எந்தத் தண்ணியில இறங்கறது?"

"அவன் வாழ்க்கை போயிடுமே."

"என்னோடது மட்டும் வாடகைக்கா எடுத்திருக்கேன்?"

பீரோக் கதவுக்குப் பின்னால் தம்பி சட்டையை மாட்டுவதுபோல் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மாட்டின சட்டையையே திரும்பத் திரும்ப மாட்டினான். வெளியே வரவில்லை.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒரு காலத்தில் கேப்டனாக இருந்தவராம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தொண்டைக்கட்டுக்கு வெந்நீர் குடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் குற்றச்சாட்டை ராகம் போடாத குறையாகப் படித்து முடித்தார்.

"கீழ்ப்படியாமைன்னா என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"சொன்னதைச் செய்யாதது சார்."

"சொன்னது காதுல விழலைன்னா?"

"அது... காது மந்தம் சார்."

"விழுந்துது. ஆனா கை சுளுக்கிக்கிச்சு, செய்ய முடியலைன்னா?"

"அது இயலாமை சார்."

"நீங்க வாரா வாரம் எனக்கு அனுப்ப வேண்டிய டீசல் கணக்கு வரதே இல்லையே, அது?"

மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார். "அது... தாமதம் சார்."

"ம். நல்லா யோசிச்சுத்தான் பேரு வைக்கறீங்க." அதிகாரி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவள்பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. நானும் படகுல இருந்தவன், அந்த ஒரு மூச்சு எனக்கும் தெரியும். ஆனா வாயைத் திறந்து 'கீழ ஆள் இருக்கு'ன்னு சொல்லியிருக்கலாமே? நாக்கு என்ன வாடகையா கேட்டுச்சு?"

"கேக்கல சார். சொல்லியிருக்கணும்தான்." அவள் அதை ஒளிக்கவில்லை. "அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள வீட்டுல சண்டை. வாயைத் திறந்தா அக்கா பேசற மாதிரி வந்துடுமோன்னு பயம். அக்காவப் படகுல ஏத்தக் கூடாதுன்னு வழக்கப்படி நின்னேன். அது என் தப்பு."

"சரி. ஒருவேளை கேப்டன் ரெண்டாம் தடவையும் 'இடம் பத்து'ன்னு சொல்லியிருந்தா? வழக்கப்படி மறுபேச்சு கிடையாது. திருப்பியிருப்பீங்களா?"

எந்தப் பக்கம் காலை வைத்தாலும் வழுக்குகிற கேள்வி. திருப்பியிருப்பேன் என்றால் கீழே ஒரு மனிதர். மாட்டேன் என்றால் மேனேஜர் படித்த சொல். தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

சுக்கான்காரிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"திருப்பியிருக்க மாட்டேன் சார்."

"பாத்தீங்களா சார்! அவங்களே ஒத்துக்கிட்டாங்க!" மேனேஜர் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க. அவங்க இன்னும் முடிக்கல."

"ரெண்டாம் தடவை உத்தரவு வந்திருந்தா, 'மாட்டேன் கேப்டன்'னு சத்தமா சொல்லியிருப்பேன். மேல்தட்டுக்கே கேக்கற மாதிரி. அதுக்குப் பேரு கீழ்ப்படியாமைன்னா, அது எனக்குப் பொருந்தும். நீங்க எழுதுங்க, நானே கையெழுத்துப் போடறேன். வெக்கப்படவும் மாட்டேன். ஆனா அன்னிக்கு நான் அதுவரைக்கும் போகவே இல்ல சார். 'பாருங்க'ன்னு கேட்டுக்கிட்டு நின்னேன். கேக்கறதும் மாட்டேன்னு சொல்றதும் ஒண்ணா? அந்தச் சொல்லு பெரிய சொல்லு. நான் சொல்லாத இடத்துல அதைக் கொண்டுவந்து ஒட்டாதீங்க. சொல்ல வேண்டிய நாள் வந்தா நானே சொல்லுவேன்."

அதிகாரி வெந்நீரை மறந்துபோய்க் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பிபக்கம் திரும்பினார். "கேப்டன், நீங்க ஏன் ரெண்டாம் தடவை சொல்லல?"

தம்பி எழுந்து நின்றான். "அக்கா கோவமா இருக்காங்கன்னு நினைச்சேன் சார். காலையில ஒரு கட்டில் விஷயம்."

"என்ன விஷயம்?"

"கட்டில் சார். அவங்க கட்டில நான் கேக்காம நகத்திட்டேன்."

"இதுல கட்டில் எங்கேருந்து வந்துது?" என்று மேனேஜர் எல்லா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்க வீட்டைக் கரையில விட்டுட்டு வந்தாங்க சார். நான்தான் படகுல ஏத்திட்டு வந்தேன். உத்தரவு முடியறதுக்கு முன்னாடியே கைய வச்சேன். தப்பு என்னோடது."

சொல்லிவிட்டு அவன் அக்காவைப் பார்த்தான். இதைச் சொன்னால் வெள்ளைச் சட்டை போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் தலையாட்டவில்லை, ஆறுதலாகச் சிரிக்கவும் இல்லை. வாயை மூடியபடி அவனையே பார்த்தாள். ஒரு மூச்சு.

இந்தத் தடவை அவனுக்குப் புரிந்தது. யோசித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு அதையே இரண்டாம் தடவை சொன்னான்.

"தப்பு என்னோடது சார்."

அப்படியென்றால் மறுபேச்சு இல்லை. சுக்கான்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி 'கீழ்ப்படியாமை' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தார். மழைக்காலம் முடியும்வரை தம்பி கயிறு கட்ட வேண்டும், பிறகு மறுபடியும் கேப்டன். கேப்டன் கை பட்ட பிறகும் சக்கரத்தை விடாமல் பிடித்ததற்காக அவளுக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத ஓய்வு. "பிடிச்சது உண்மைதான் சார்" என்று அவள் அதை வாங்கிக்கொண்டாள். மேனேஜர் டீசல் கணக்கை உடனே அனுப்ப வேண்டும். கடைசியாக அதிகாரி எழுந்துகொண்டே சொன்னார்: "இனிமே அந்த ஒரு மூச்சு மௌனம் வேணாம். ஏதாவது கண்ணுல பட்டா வாயைத் திறந்து 'பாருங்க'ன்னு சொல்லுங்க. எல்லாப் படகுக்கும் சொல்லிடறேன்."

"'பாருங்க'ன்னு சொல்லணும்" என்று அவள் பழக்கதோஷத்தில் கணீரென்று திருப்பிச் சொன்னாள். அதிகாரிக்கு வெந்நீர் புரையேறிவிட்டது.

வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தார்கள். டயர்க்கடை படி ஏறும்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, கட்டில எங்க போடணும்?"

அவள் பேசவில்லை. முன்பானால் அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருப்பான். இப்போது படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி கேட்டான்.

"கட்டில எங்கக்கா போடணும்?"

"ஜன்னலோரம்."

"ஜன்னலோரம்!" என்று அவன் தெருவுக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னான். கீழே டயர்க்கடைக்காரர் யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வெளியே எட்டிப் பார்த்தார்.

"பீரோ?" என்று கேட்டாள் அம்மா உள்ளேயிருந்து.

"உள் ரூம்ல போடும்மா" என்றாள் சுக்கான்காரி. "அங்க நல்லா காத்து வருதாம்."